கார்புரேட்டர் படகு எஞ்சின் காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறுகிறது, சோக் கோளாறா?

சூடானபின் உடனே கிளம்பி, ஆறியபின் மட்டும் அடம்பிடிக்கிறது என்றால் முதலில் சோக்கைத்தான் (ஆறிய எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குறைக்கும் தகடு) பார்க்க வேண்டும். ஆறிய எஞ்சினில், கார்புரேட்டர் வாயை மூடியிருக்கும் தீத்தடுப்பு வலையான ஃப்ளேம் அரெஸ்டரைக் கழற்றி, த்ராட்டிலை ஒருமுறை முழுக்கத் தள்ளி விடுங்கள். ஆட்டோமேட்டிக் சோக் என்றால் தகடு படக்கென்று மூட வேண்டும். பாதியில் நின்றால் அச்சில் பிசின் படிந்திருக்கும். கார்புரேட்டர் கிளீனர் அடித்து விரலால் முன்னும் பின்னும் ஆட்டினாலே பெரும்பாலும் இளகிவிடும்.

சரியாக மூடுகிறதா? அப்படியானால் த்ராட்டிலை அசைக்கும்போது உள்ளே பெட்ரோல் பீய்ச்சுகிறதா பாருங்கள். பீய்ச்சாவிட்டால் கோளாறு சோக்கில் இல்லை, பெட்ரோல் வருவதில்தான்.

ஸ்டார்ட் ஆகி, சூடான பிறகும் கரும்புகை கக்கினால் சோக் திறக்கவில்லை. எலக்ட்ரிக் சோக்கில், எஞ்சின் ஓடும்போது முனையில் 12 வோல்ட் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். மாற்றுவதானால் படகுக்கான பாகமே வாங்குங்கள். காருக்கானதில் தீப்பொறித் தடுப்பு இருக்காது.

ஃப்ளேம் அரெஸ்டரைத் திரும்ப மாட்டி, பிளோயரை (எஞ்சின் அறையில் தேங்கும் பெட்ரோல் ஆவியை வெளியேற்றும் விசிறி) 4 நிமிடமாவது ஓட விட்ட பிறகே சாவியைத் திருப்புங்கள்.