அதிக இடம் பிடித்த கட்சியைத்தானே ஆளுநர் முதலில் அழைக்க வேண்டும்? கூட்டணி ஆட்சி எப்படித்தான் அமைகிறது?

அப்படி ஒரு சட்டமே இல்லை. ஏதோ டிவி விவாதம் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அரசியல் சாசனத்தின் 164வது பிரிவு 'முதல்வரை ஆளுநர் நியமிப்பார்', 'அமைச்சரவை சட்டமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்பு' என்கிறது. யாரை முதலில் கூப்பிடுவது என்று அதில் கிடையாது.

மத்திய-மாநில உறவை ஆராய அமைத்த சர்க்காரியா கமிஷன் ஒரு வரிசை சொன்னது. முதலில் தேர்தலுக்கு முன்பே சேர்ந்த கூட்டணி. அடுத்து பிறர் ஆதரவோடு உரிமை கோரும் தனிப்பெரும் கட்சி. அதற்கும் பிறகுதான் தேர்தல் முடிந்து கைகோத்தவர்கள். ஆனால் அது வெறும் பரிந்துரை.

2017 கோவாவைப் பாருங்கள். 40 இடம். காங்கிரஸுக்கு 17, பாஜகவுக்கு 13. பாஜக தன் 13, கோவா ஃபார்வர்டு 3, மகாராஷ்டிரவாதி கோமந்தக் கட்சி 3, சுயேச்சை 2 என்று பெரும்பான்மைக்குச் சரியாக 21 பேரின் ஆதரவுக் கடிதத்தோடு ஆளுநரிடம் போய்விட்டது. அவரும் பாஜகவையே அழைத்தார். காங்கிரஸ் உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியபோது, உங்கள் ஆதரவுக் கணக்கை ஏன் முதலிலேயே காட்டவில்லை என்று கேட்டார்கள். (என்னைக் கட்சிக்காரன் ஆக்கிவிடாதீர்கள். மறு வருடமே கர்நாடகாவில் 104 பேரோடு உரிமை கோரிய பாஜகவின் எடியூரப்பாவுக்கு ஆளுநர் 15 நாள் அவகாசம் கொடுத்ததும், கோர்ட் அதை மறுநாள் மாலை 4 மணி என்று சுருக்கியதும், ஓட்டெடுப்புக்கு முன்பே அவர் ராஜினாமா செய்ததும் தெரியும்.)

கடிதத்திலும் கோளாறு வரும். 2019 நவம்பர் 23 காலை மும்பையில் பாஜகவின் ஃபட்னவிஸ் முதல்வராகப் பதவியேற்றது, தேசியவாத காங்கிரஸின் அஜித் பவார் கொடுத்த அக்கட்சி எம்எல்ஏக்கள் 54 பேரின் கையெழுத்துகளை நம்பித்தான். 'அது அவரைச் சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப் போட்ட கையெழுத்து; பாஜகவை ஆதரிக்கிறோம் என்று அதில் எங்கே இருக்கிறது?' என்று எதிர்த்தரப்பு வக்கீல்கள் பிடித்துக்கொண்டார்கள். உடனே சபையில் நிரூபிக்கச் சொன்னது கோர்ட். நான்காம் நாள் ராஜினாமா. 54 பேரில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 36 பேர் வேறு கட்சியோடு இணையச் சம்மதிக்காவிட்டால், கட்சி மாறுகிறவர்களின் பதவியைப் பறிக்கும் கட்சித் தாவல் சட்டம் கழுத்தைப் பிடிக்கும். அந்தப் பயமும் சேர்ந்துதான் ஆட்கள் திரும்பி ஓடினார்கள்.

சபையில் எண்ணுவது வந்து ஓட்டுப் போட்டவர்களை மட்டும்தான். 2019 ஜூலையில் கர்நாடகாவில் குமாரசாமி அரசு 99-க்கு 105 என்று கவிழ்ந்தது. அவையின் மொத்த பலம் 224. அதில் பாதி 112. ஆளுங்கட்சி ஆட்கள் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு வராமல் இருந்ததால் 105-ஏ போதுமாகிவிட்டது. இதைச் சொல்லாமல் பெரும்பான்மைக்கான 'மேஜிக் நம்பர்' என்று டிவி திரை முழுக்க ஒரே எண்ணை மின்ன விடுகிறார்களே, அதுதான் எரிச்சல்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். நம் ஊரில் தொகுதிப் பங்கீட்டையும் 'கூட்டணி' என்கிறோம், ஆட்சியில் பங்கையும் 'கூட்டணி' என்கிறோம். 2006-ல் திமுக 234-ல் 96 இடம்தான் வென்றது. காங்கிரஸின் 34-ம் பாமகவின் 18-ம் வெளியிலிருந்து முட்டுக் கொடுத்தன. ஜெயலலிதா ஓயாமல் 'மைனாரிட்டி அரசு' என்றார். அந்த ஐந்து வருடமும் அமைச்சரவையில் ஒரு காங்கிரஸ்காரர்கூட இல்லை.