வளரிளம் பருவம்: ஆந்திராவின் நகரி, புத்தூர் பக்கத்துக் கேள்விகளும் செவிலியர் பதில்களும்

ஆசிரியர், சத்தியவேடு: ஐரோப்பியப் பிள்ளைகளிடம் ஆணுறைப் பழக்கம் குறைந்துவிட்டதாமே மேடம்?

உண்மைதான் சார். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2024 ஆகஸ்டில் வெளியிட்ட ஆய்வு அது. கடைசி உறவில் ஆணுறை பயன்படுத்தியதாகச் சொன்ன 15 வயதுப் பையன்கள் 2014இல் 70 சதவீதம், 2022இல் 61. பெண்களில் 63 இருந்தது 57 ஆனது. உறவு அனுபவம் உண்டு என்றவர்களுக்குள் மட்டும் எடுத்த விகிதம் இது. ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளின் கணக்காகப் படித்துவிட்டுப் பதறாதீர்கள்.

தறிக்காரர், நகரி: அது வெளிநாட்டுக் கதைம்மா. நம்ம பக்கம் அப்படி இல்லையே?

நம்ம கதை வேற மாதிரி, அண்ணா. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், 15-19 வயதுப் பெண்களில் தாயானவர்களும் கர்ப்பமாக இருந்தவர்களும் சேர்த்து ஆந்திராவில் 12.6 சதவீதம். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 6.3, கேரளாவில் 2.4. இங்கே முக்கியக் காரணம் சீக்கிரக் கல்யாணம். 20-24 வயதுப் பெண்களில் 18 முடியும் முன்பே கல்யாணம் ஆனவர்கள் ஆந்திராவில் 29.3 சதவீதம். தாலி ஏறிவிட்டால் பாதுகாப்பைப் பற்றி யார் பேசுகிறார்கள்? முதல் பிள்ளை பிறந்த அப்புறம்தான் கருத்தடைப் பேச்சே வரும். பரிசோதனைக்கு வரும் பெண்ணிடம் வயது கேட்டால், அவள் வாய் திறக்கும் முன் மாமியார் "பதினெட்டு முடிஞ்சிருச்சு" என்பார். பத்தாம் வகுப்பு எந்த வருஷம் எழுதினாய் என்று அந்தப் பெண்ணிடமே கேட்பேன். குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஒரு தாய், புத்தூர்: பள்ளியில் இதையெல்லாம் சொன்னால் பிள்ளைகள் கெட்டுப்போகாதா?

கெடாது. பாலியல் கல்வியால் பிள்ளைகள் உறவைச் சீக்கிரம் தொடங்குவதில்லை என்று யுனெஸ்கோ பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லியிருக்கிறது.

புது மாப்பிள்ளை, 23 வயது: மாத்திரை மட்டும் போதாதா அக்கா?

மாத்திரை கர்ப்பத்தைத் தடுக்கும். எச்.ஐ.வி., வெட்டை நோய் போன்றவற்றைத் தடுக்காது, அதற்கு ஆணுறைதான். கடையில் கேட்கக் கூச்சமா? அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். காலாவதித் தேதியைப் பாருங்கள். மாதக்கணக்கில் பர்ஸில் வைத்தால் சூட்டில் ரப்பர் கெடும். தேங்காய் எண்ணெய் தடவவே கூடாது, கிழிந்துவிடும்.

பெயர் வேண்டாம் என்றவர்: 16 வயதுப் பெண், கர்ப்பம். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வருமா?

பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி டாக்டர் போலீஸுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். ஆனால் கருக்கலைப்புக்கு வரும் மைனர் பெண்ணும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், அவள் பெயரையும் அடையாளத்தையும் டாக்டர் அந்தத் தகவலில் வெளியிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பயந்துபோய் மருந்துக் கடை மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள், ரத்தப்போக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். யாராவது அவளைக் கட்டாயப்படுத்தியிருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள். வாரம் கூடக்கூடச் சிக்கல் கூடும், நாளைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.