வேலை பார்த்துக்கொண்டே மழலையர் ஆசிரியர் ஆவது எப்படி? வாசகர் கேள்வி–பதில்

தொண்டி முதல் சாயல்குடி வரை, இராமநாதபுரம் கடலோரத்து அங்கன்வாடிகளிலும் மழலையர் பள்ளிகளிலும் புதிதாகச் சேர்ந்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. பதில் சொல்பவர்கள் மழலையர் கல்விப் பயிற்றுநர்கள்.

கேள்வி: பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு மழலையர் பள்ளியில் உதவியாளராக இருக்கிறேன். ‘ஆறே மாதத்தில் மாண்டிசோரி சான்றிதழ், அரசு அங்கீகாரம் பெற்றது’ என்று நோட்டீஸ் வந்தது. வேலையை விட முடியாது. சேரலாமா? (வாசகி, தொண்டி)

பதில்: பணம் கட்டும் முன், அங்கீகாரம் கொடுத்தது எந்த அமைப்பு என்று எழுத்தில் கேளுங்கள். இந்தியாவில் ஆசிரியர் படிப்புகளை அங்கீகரிப்பது என்.சி.டி.இ. எனப்படும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். மழலையர் கல்விக்கு அது வைத்திருக்கும் பட்டயப் படிப்பு 2 ஆண்டு, நேரில் போய்ப் படிப்பது. ஆறு மாதச் சான்றிதழை அதோடு சேர்த்துப் பேசினால் சந்தேகப்படலாம். ‘மாண்டிசோரி’ என்ற பெயரை யாருக்கும் பட்டா போட்டுக் கொடுக்கவில்லை. எவரும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். அந்தப் பெயருள்ள கற்பித்தல் முறையை உருவாக்கிய மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கே வந்து பயிற்சி நடத்தியவர். அந்த மரபில் முறையாக நடக்கும் பயிற்சிகள் இன்றும் உண்டு, ஆனால் அவை ஆறு மாத வாரக் கடைசி வகுப்புகள் அல்ல.

வேலையை விடாமல் படிக்க இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் மழலையர் பராமரிப்பு மற்றும் கல்விப் பட்டயம் பொருந்தும். பிளஸ் டூ போதும், குறைந்தது 1 ஆண்டு, ஜனவரியிலும் ஜூலையிலும் சேர்க்கை. பிள்ளைகளோடு செய்து எழுத வேண்டிய செயல்முறைப் பகுதியும் உண்டு. நீங்கள் வேலையில் இருப்பதால் அது எளிது. அரசுப் பள்ளி ஆசிரியர் வேலைக்கு இதைத் தகுதியாக எண்ணிவிடாதீர்கள். அதற்கு 2 ஆண்டு ஆசிரியர் பட்டயப் பயிற்சி வேண்டும். நம் மாவட்டத்தில் மஞ்சூரில் இருக்கிறது அரசு நிறுவனம், ஆனால் முழு நேரப் படிப்பு.

அங்கன்வாடிப் பணியாளர் வேலைக்கு 2025 அறிவிக்கையில் கேட்டது பிளஸ் டூ தேர்ச்சி, 25 முதல் 35 வயது, உள்ளூர் இருப்பிடம். முதல் 12 மாதம் தொகுப்பூதியம் 7,700 ரூபாய், அதன்பின் காலமுறை ஊதியம்.

தனியார் பயிற்சி எதுவானாலும் இரண்டு விஷயம் கேளுங்கள்: நிஜ வகுப்பில் எத்தனை நாள் நிற்க வைப்பீர்கள், நான் செய்வதைப் பார்த்து யார் குறை சொல்வார்கள்? இரண்டுக்கும் பதில் மழுப்பலாக வந்தால் நோட்டீஸை மடித்து வைத்துவிடுங்கள்.

கேள்வி: அங்கன்வாடி உதவியாளராகச் சேர்ந்திருக்கிறேன். பெருக்குவது, சமைப்பது, சோறு ஊட்டுவது, மூக்கு துடைப்பது, இவ்வளவுதான் நாள். டீச்சர் வேலையை எப்போது கற்றுக்கொள்வது? (வாசகி, தேவிபட்டினம்)

பதில்: சோறும் கை கழுவலும் பாடத்துக்கு வெளியே என்று வைத்துக்கொண்டால் உங்களுக்கு நேரமே கிடைக்காது. மூன்று வயதுப் பிள்ளை அன்றைக்கு ஒரு பெரியவரோடு தனியாகப் பேசுவதே அந்த இரண்டு இடத்தில்தான்.

முட்டை போடும் நாளை எடுங்கள். எல்லா முட்டையையும் நீங்களே உரித்துக் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும், பிள்ளைக்கு ஒன்றும் மிஞ்சாது. அவித்த முட்டையைத் தண்ணீரில் போட்டு நன்றாக ஆற வையுங்கள். அகன்ற பக்கத்தில் காற்றறை இருக்கும். அங்கே மட்டும் தட்டி விரிசல் விட்டு நான்கு வயதுப் பிள்ளையிடம் கொடுங்கள். ஒரு கை முட்டையைப் பிடிக்க, மற்றக் கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஓட்டைக் கிள்ளி எடுக்கும். பின்னால் பென்சிலைப் பிடிக்கப்போவதும் அதே விரல்கள்தான். ‘மேல ஓடு, உள்ளே தோல், அதுக்கும் உள்ளே வெள்ளை’ என்று கூடவே சொல்லிக்கொண்டு போனால் சொல்லும் சேரும். கெடுவது இரண்டு இடத்தில்: சூடாகக் கொடுத்தால் கையை உதறும், ஒரே நேரத்தில் பத்துப் பேரிடம் கொடுத்தால் பாதி ஓடு தட்டில் இருக்கும். நான்கு பேரோடு தொடங்குங்கள். சாப்பிடக் கொடுக்கும் முன் ஓட்டுத் துணுக்கு இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

டீச்சர் வேலையைப் படிப்படியாக எடுத்துக்கொள்ளலாம். முதல் இரண்டு வாரம் ஒரு பிள்ளையைத் தினம் பத்து நிமிடம் பார்த்து எழுதுங்கள். அடுத்த இரண்டு வாரம் நான்கு பிள்ளைகளோடு ஒரே ஒரு செயல். இரண்டாம் மாதம் வட்டத்தில் உட்கார வைத்துக் கதை. மூன்றாம் மாதம் அரை காலைப்பொழுது முழுக்க உங்கள் கையில். ‘டீச்சர், இன்னைக்கிக் கதைய நான் சொல்றேன், நீங்க பின்னாடி இருந்து பாருங்க’ என்று நேராகக் கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், அவர்களுக்கும் பதிவேடு எழுத நேரம் கிடைக்கும். பிள்ளைகள் தூங்கியபின் கேட்க வேண்டியது: எந்த இடத்தில் எழுந்து போனார்கள், நான் எங்கே அதிகம் பேசினேன்?

ஒரு கதையை ஐந்து நாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் பொருள்களை வைத்துச் சொல்வது, ஏழெட்டு நிமிடம். இரண்டாம் நாள் முக்கிய இடங்களில் நிறுத்துவது. மூன்றாம் நாள் அலை, படகு, காக்கை சத்தமெல்லாம் பிள்ளைகளுடையது. நான்காம் நாள் நடிப்பு. ஐந்தாம் நாள் ஒரு பிள்ளை சொல்லட்டும். தினம் ஒரு புதுக்கதை சொல்வது நமக்குத்தான் சலிப்பைப் போக்கும். கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பழகாத ஆசிரியர் ஒரு விநாடிகூடப் பொறுக்காமல் தானே பதில் சொல்லிவிடுவார். மெதுவாகப் பேசும் பிள்ளை அதில் வாய் திறப்பதே இல்லை.

கேள்வி: மூன்று நாள் பயிற்சிக்குப் போய் வந்தேன். ‘பிள்ளைகளைக் கவனித்து எழுதுங்கள்’ என்றார்கள். எழுதியதைப் பார்த்த மேற்பார்வையாளர் ‘இதில் ஒன்றுமே இல்லையே’ என்கிறார். (அங்கன்வாடிப் பணியாளர், மோர்ப்பண்ணை)

பதில்: ‘போஷண் பீ படாயீ பீ’ (ஊட்டச்சத்தும் உண்டு, படிப்பும் உண்டு) என்று 2023இல் ஒன்றிய அரசு தொடங்கிய திட்டத்தின் பயிற்சியைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறோம். மூன்று நாளில் கவனித்து எழுதுவது கைவராது.

‘நன்றாக விளையாடினான். சுறுசுறுப்பானவன்.’ நீங்கள் எழுதியிருப்பது இப்படித்தான் இருக்கும். இது பார்த்தது அல்ல, தீர்ப்பு. இதை வைத்து நாளைக்கு என்ன செய்வீர்கள்? இப்படி எழுதிப் பாருங்கள்:

‘காலை 10.20, மணல் தொட்டி. சிரட்டையில் வலது கையால் மணல் அள்ளி வாளியில் போடுகிறான். ஆறாவது தடவை வாளி நிரம்பி வழிந்தது. நிறுத்திவிட்டு வாளியைப் பார்த்தான். பக்கத்துப் பிள்ளையின் காலி வாளியை இழுத்து அதில் போடத் தொடங்கினான். அவள் ‘என்னோடது’ என்றாள். பதில் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் கழித்துச் சிரட்டையை அவளிடம் நீட்டினான்.’

ஐந்தாறு வரிதான். ஆனால் நிரம்புதல் புரிகிறது, வலது கைப் பழக்கம் தெரிகிறது, பகிரத் தெரிகிறது, பேச்சில் மட்டும் ஏதோ தயக்கம் என்பதும் தெரிகிறது. நாளைக்கு வேறு வேறு அளவில் மூன்று பாத்திரம் வைக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து அவனைப் பேச வைக்கலாம். ஒரு வாரம் அவனைத் தினமும் கவனித்தும் பேச்சே எழுத வரவில்லை என்றால் காது கேட்கிறதா என்று பரிசோதிக்க அனுப்ப வேண்டும்.

நேரம், இடம், கை செய்தது, வாய் சொன்னது. இந்த நான்கும் இருக்கட்டும். தினம் இரண்டு பிள்ளைகள் என்று முறை வைத்தால் 22 பேர் உள்ள மையத்தில் 11 வேலை நாளில் ஒரு சுற்று முடியும். அடங்கிக் கிடக்கும் பிள்ளைகள் பதிவிலிருந்து நழுவாமல் இருக்கவே இந்த முறை. அன்றே எழுதுங்கள், மறுநாள் எழுதினால் மறுபடி ‘சுறுசுறுப்பானவன்’தான் வரும்.

கேள்வி: ‘மூன்று வயதாகிவிட்டது, இன்னும் அ, ஆ எழுதவில்லை, பக்கத்துப் பள்ளியில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்’ என்று தாய்மார் சண்டைக்கு வருகிறார்கள். (வாசகி, பெரியபட்டினம்)

பதில்: சண்டை வேண்டாம், ஒரு தாளையும் கிரேயானையும் கொடுத்துக் காட்டுங்கள். பார்த்து வரைவதில் பொதுவான வரிசை: வட்டம் மூன்று வயதில், கூட்டல் குறி நான்கில், சதுரம் நான்கரை ஐந்து வாக்கில், முக்கோணம் ஐந்தை ஒட்டி. ‘அ’வில் வளைவு, சுழி, கோடு எல்லாம் ஒன்றாக வருகிறது. கூட்டல் குறியே வராத கைக்கு அது பாரம். கையைப் பிடித்து எழுத வைத்தால் தாள் நிறையும். எழுதியது ஆசிரியர் கை.

தாய்மாருக்குக் காட்ட வேறு வேலைகள் இருக்கின்றன. ஈர மணலில் விரலால் கோடு, சுவரில் தண்ணீரும் தூரிகையும், துணிக் கிளிப்பைக் கயிற்றில் மாட்டுவது, பனை ஓலையை மேலும் கீழுமாகக் கோர்ப்பது. ஓலை கோர்க்கும்போது விளிம்பு கையைக் கீறும்; நரம்பை நீக்கி, ஒரு விரல் அகலத்தில் நறுக்கி, ஈரத்துணியில் அரை மணி நேரம் சுற்றி வைத்துக் கொடுங்கள். நம் மாநில அங்கன்வாடிகளின் ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டமும் மாதத்துக்கொரு தலைப்பாகச் செயல்களைத்தான் வைத்திருக்கிறது. அதைத் தாய்மார் கூட்டத்தில் திறந்து காட்டினால் உங்கள் பேச்சுக்குப் பலம்.

கேள்வி: செலவில்லாத கற்பித்தல் பொருளாகச் சிப்பி, சோழி, புளியங்கொட்டை வைக்கலாமா? (வாசகர், வாலிநோக்கம்)

பதில்: சிப்பி வைக்கலாம். சோழியும் புளியங்கொட்டையும் கூடாது, தொண்டையில் அடைக்கும் அளவு. அட்டையில் 32 மில்லிமீட்டர் குறுக்களவில் வட்டத் துளை போடுங்கள். அதற்குள் விழும் எதுவும் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கும் அறையில் வேண்டாம். பத்து ரூபாய்க் காசு 27 மில்லிமீட்டர்தான் என்றால் அளவு புரியும். அங்கன்வாடியில் இரண்டு வயதும் ஐந்து வயதும் ஒரே அறையில் இருப்பதால் எல்லோருக்கும் இதே விதி.

கரையில் ஒதுங்கிய வெறும் ஓடு மட்டும் எடுங்கள். உயிருள்ள கூம்புச் சங்கு விஷமுள் உள்ளது. பவளம், கடல் குதிரை, கடல் அட்டை இவற்றைத் தொடவே வேண்டாம், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எடுத்து வந்ததைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, தேய்த்து, வெயிலில் காயப்போட்டு, கூர் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். நான்கு பேருக்கு 20 ஓடு போதும். மூன்று வயதுக்கு நன்றாக வேறுபடும் இரண்டு வகை, நான்கு வயதுக்கு மூன்று, ஐந்து வயதுக்குச் சிறியது பெரியது வரிசை. முதலிலேயே ஐந்து வகை கொட்டினால் பிரிப்பது மறந்து எறிவது தொடங்கும்.

கேள்வி: புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒரு வாரமாக அழுகிறது. அம்மா கண்ணில் படாமல் நழுவிவிடுவது நல்லதா? (வாசகி, பாம்பன்)

பதில்: நல்லதில்லை. தூங்கும்போதே அப்பா கடலுக்குப் போய்விடும் வீடுகளில், அம்மாவும் சொல்லாமல் மறைந்தால் பிள்ளை யாரையும் நம்பாது. முதல் நாள் அம்மாவோடு முக்கால் மணி நேரம். இரண்டாம் நாள் ‘போய்ட்டு வர்றேன்’ என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டி பதினைந்து நிமிடம். மூன்றாம் நாள் அரை மணி, அப்புறம் கூட்டிக்கொண்டே போகலாம். சொன்ன நேரத்துக்கு அம்மா திரும்பி வருவதுதான் முக்கியம். அம்மாவின் பழைய துண்டு ஒன்று பையில் இருக்கட்டும். ‘போலீஸ் வரும்’ என்ற மிரட்டல் அழுகையை நிறுத்தும், ஆனால் மையத்தைப் பார்த்தாலே பயப்பட வைக்கும்.

கேள்வி: உயரம் எடுத்ததில் நிறையப் பிள்ளைகள் ‘குள்ளம்’ என்று செயலியில் சிவப்பாக வருகிறது. எங்கே தவறு? (அங்கன்வாடிப் பணியாளர், நரிப்பையூர்)

பதில்: உண்மையிலேயே வளர்ச்சி குன்றியிருக்கலாம்; அதற்கு முன் அளந்த முறையைச் சரிபாருங்கள். இரண்டு வயதுக்குக் கீழ் படுக்க வைத்து, மேல் நிற்க வைத்து. மாற்றி எடுத்தால் ஏறக்குறைய 0.7 செ.மீ. வித்தியாசம் வரும். நிற்கும்போது குதிகால், பிட்டம், தோள் பலகையில் படவேண்டும், பார்வை நேரே. ரெட்டைச் சடையை அவிழ்க்காமல் அளந்தால் உயரம் கூடும். முழங்கால் மடங்கியிருந்தால் குறையும். அளவைக் கண் மட்டத்தில் 0.1 செ.மீ. வரை படிக்கவும். பிறந்த தேதியை ஆதாரில் இருந்து எடுக்காமல் தாய்–சேய் நல அட்டையில் ஒருமுறை ஒப்பிடுங்கள். வயதை ஐந்தாறு மாதம் கூட்டிக் காட்டும் தேதியும் சிவப்புக்குக் காரணமாகலாம். இரண்டு தடவை அளந்தும் சிவப்பு என்றால் மேல்கைச் சுற்றளவை அளக்கும் கை நாடாவையும் பாருங்கள்: 11.5 செ.மீ.க்குக் கீழ் தீவிரக் குறைபாடு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு.

கேள்வி: அம்மாக்கள் கடல்பாசி எடுக்கப் போகும் நாட்களில் பாதிப் பிள்ளைகள் வருவதில்லை, வந்தாலும் தாமதம். பாடம் எப்படி ஓடும்? (வாசகி, சின்ன ஏர்வாடி)

பதில்: தண்ணீர் வற்றும் நாட்கள் அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டி வருவதால் முன்கூட்டியே தெரியும். மாத ஆரம்பத்தில் நாட்காட்டியில் வட்டம் போட்டு, அந்த நாட்களில் புதுக் கதையும் புதுத் தலைப்பும் தொடங்காதீர்கள். ஆறேழு பேரே இருப்பதால், பேச்சில் பின்தங்கிய பிள்ளையோடு தனியாக உட்காரவும் கவனிப்புக் குறிப்பு எழுதவும் அந்த நாட்களே வசதி. முக்கியச் செயலைத் தாமதமாக வரும் பிள்ளைக்கும் கிடைக்கும்படி பதினொன்றரை மணிக்குத் தள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலத்தில் அப்பாக்கள் கரையில் இருப்பார்கள். தடித்த கயிற்றில் வலை முடிச்சுப் போட்டுக் காட்ட ஒருவரைக் கூப்பிடுங்கள், ஒரு தடவைக்கு நான்கு பிள்ளைகள், கயிறு ஒவ்வொன்றும் ஒரு முழம். நீளம் கூடினால் கழுத்தில் சுற்றும் ஆபத்தும் கூடும்.