கடலூர் மணலில் பள்ளித் தோட்டம்: பதில்
டீச்சர், வெறும் மணல், கத்தரி காய்ந்துவிட்டது, பிள்ளைகள் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாமல் தோட்டத்துப் பக்கம் போகவே பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கத்தரியை விடுங்கள், தட்டைப்பயறு போடுங்கள், மணலிலும் வரும். ஐப்பசி மழைக்குத் தண்ணீர் தேங்காத மேடாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூக்கிற சமயத்தில் ஒரு செடியை மண்ணோடு தோண்டி வாளித் தண்ணீரில் அலசினால் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் தெரியும், ஒன்றை நகத்தால் கீறச் சொல்லுங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். (அந்த நிறத்தைத் தரும் லெக்ஹீமோகுளோபின் நம் ரத்தத்து ஹீமோகுளோபினுக்குச் சொந்தம்தான், பிள்ளைகள் வாய் பிளப்பார்கள்.)

எனக்கு முதல் தடவை வெள்ளையாக வந்தது. முழித்தேன். சரி, ஏன்னு பார்ப்போம் என்று பத்து நாள் கழித்து இன்னொன்றைப் பிடுங்கினோம், சிவந்திருந்தது. முதலில் பிடுங்கியது இளசு, அவ்வளவுதான்.