இரவுச் சாப்பாடு இல்லாத பத்து நாளும் ஒரு சர்க்கரை மாத்திரையும்

கேள்வி: எனக்கு வயது 57. மதுரை பழங்காநத்தத்தில் மாவு மில் நடத்துகிறேன். ஒன்பது வருடமாகச் சர்க்கரை, நான்கு வருடமாக ரத்த அழுத்தம். சர்க்கரைக்குக் காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மாத்திரை போடுகிறேன். அட்டையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்தில் பத்து நாள் மௌன தியானம் நடக்கிறது. மதியத்துக்குப் பிறகு அங்கே சாப்பாடு கிடையாதாம். தெரிந்த ஒருவர் 6,500 ரூபாய் கொடுத்தால் இடம், வேன், டாக்டர் சர்டிபிகேட் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். அங்கே போய் வந்தால் மாத்திரையே தேவைப்படாது என்றும் சொல்கிறார். மகள் போகவே கூடாது என்கிறாள். நான் போகலாமா? மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: போகலாம் அம்மா. மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. அதே சமயம், வீட்டில் போடுகிற மாதிரியே அங்கேயும் போடக் கூடாது. 6,500 ரூபாயை யாரிடமும் கொடுக்க வேண்டாம். இதில், வீட்டைப் போலவே அங்கேயும் போடக் கூடாது என்பதைத்தான் யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முதலில் உங்கள் மாத்திரை. நீங்கள் அனுப்பிய படத்தில் அட்டை பாதி கத்தரிக்கப்பட்டிருக்கிறது. பத்து மாத்திரை அட்டையில் ஆறு கேட்டிருப்பீர்கள். கடைக்காரர் கத்தரிக்கோலால் வெட்டியதில் மருந்தின் பெயர் அவரிடமே போய்விட்டது, விலை மட்டும் உங்களிடம் வந்திருக்கிறது. தினமும் நான் பார்க்கிற கொடுமை இது. சர்க்கரை நோயாளி என்ன மருந்து சாப்பிடுகிறார் என்பது அவருக்கே தெரியாது. ‘வெள்ளை மாத்திரை, நடுவில் கோடு’ என்பார். அரசு மருந்தகத்தில் காகித உறையில் போட்டுக் கொடுத்தது என்றால் அந்தக் கோடுதான் ஒரே தடயம். நல்லவேளையாக, உங்கள் இரண்டாவது படத்தில் மருந்துச்சீட்டு இருந்தது. கிளிமிபிரைடு 2 மில்லிகிராம், மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம், இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் இரண்டு வேளை.

இதில் மெட்ஃபார்மின் சாது. அதை மட்டும் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை ஆபத்தாக இறங்குவது மிக அரிது. கிளிமிபிரைடு அப்படி இல்லை. நீங்கள் சாப்பிட்டீர்களா, இல்லையா என்று அது பார்க்காது. கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். உங்கள் மில்லில் தானியம் போடாமல் கல்லை ஓடவிட்டால் கல்லே கல்லை அரைக்கும் அல்லவா, அந்தக் கதைதான். வீட்டில் இரவு எட்டரைக்கு நான்கு இட்லி உள்ளே போகிறது, மாத்திரைக்கு வேலை இருக்கிறது. நீங்கள் விவரிப்பது விபாசனா பயிற்சி; அங்கே காலை ஆறரைக்குச் சிற்றுண்டி, பதினோரு மணிக்குச் சாப்பாடு, மாலை ஐந்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்குத் தேநீரும் பழமும் பொரி மாதிரி ஏதாவதும். மறுநாள் காலை ஆறரை வரை அவ்வளவுதான். இந்த நிலையில் இரவு எட்டரைக்குப் பழக்க தோஷத்தில் அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தால், நள்ளிரவு தாண்டிச் சர்க்கரை சரிய வாய்ப்பிருக்கிறது. நான்கு மணிக்கு எழுப்ப மணியடிப்பார்கள். எழ முடியாத நிலையில் நீங்கள் கிடந்தால், அசதியில் தூங்குகிறீர்கள் என்றுதான் பக்கத்துக் கட்டில்காரர் நினைப்பார்.

அந்தத் தியான முறையிலேயே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. உடலில் தோன்றும் உணர்வுகளை, அவற்றுக்கு எதிர்வினை காட்டாமல் கவனித்துக்கொண்டிருக்கச் சொல்லித்தருவார்கள். வியர்வை, நடுக்கம், படபடப்பு, தலை லேசாவது எல்லாம் தோன்றி மறையும் என்பார்கள். முதுகு வலிக்கும் மூக்கு அரிப்புக்கும் அது சரி. ஆனால் சர்க்கரை இறங்கும்போது உடல் அடிக்கிற அபாய மணியும் இதே வியர்வை, நடுக்கம், படபடப்புதான். அதைக் கவனித்துக்கொண்டே அசையாமல் உட்கார்ந்திருந்தால் அடுத்த கட்டம் குழப்பம், அதற்கடுத்தது மயக்கம். கிளிமிபிரைடு சாப்பிடுகிறவர் அங்கே ஒரு விதிவிலக்கோடுதான் உட்கார வேண்டும்: திடீரென்று குளிர்ந்து வியர்த்தால் தியானத்தை விட்டு எழுந்துவிட வேண்டும். மௌனத்தைக் கலைக்கிறோமே என்று கூச்சப்பட வேண்டாம். மௌன விதி கூடப் பயிற்சி செய்கிறவர்களோடு பேசாமல் இருப்பதற்குத்தான். உடல்நலம், தங்குமிடம் பற்றி நிர்வாகத்திடமோ ஆசிரியரிடமோ எப்போது வேண்டுமானாலும் பேசலாம். இது அவர்களே வைத்திருக்கிற விதி.

இனிச் செய்ய வேண்டியது. உங்கள் மருத்துவரிடம் போய், ‘தியானத்துக்குப் போகலாமா?’ என்று கேட்காதீர்கள். அவர் ‘தாராளமாக’ என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுவார். புறநோயாளிகள் வரிசை இருக்கும் நீளத்தில் அவரையும் குறை சொல்ல முடியாது. கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: ‘பத்து நாளைக்கு இரவுச் சாப்பாடு இல்லை. இரவு மாத்திரையில் கிளிமிபிரைடு வேண்டுமா?’ பெரும்பாலும் மாலையில் மெட்ஃபார்மினை மட்டும் தனியாக எழுதித் தருவார், காலை அளவையும் ஒருமுறை பார்ப்பார். நீங்களே மாத்திரையைப் பாதியாக உடைத்துக்கொள்வது தீர்வாகாது. உடைத்தால் இரண்டு மருந்தும்தான் பாதியாகும். மெட்ஃபார்மின் மெதுவாகக் கரையும் வகையாக இருந்தால் அதை உடைக்கவே கூடாது.

புதிய ஏற்பாட்டை வீட்டிலேயே மூன்று நாள் ஒத்திகை பாருங்கள். பதினோரு மணிக்குச் சாப்பாடு, ஐந்து மணிக்கு ஒரு கொய்யாவும் ஒரு கை பொரியும், பிறகு ஒன்றும் இல்லை. படுக்கும்போது, அதிகாலை மூன்றுக்கு, எழுந்ததும் என்று விரல் நுனியில் குத்திப் பாருங்கள். மகள் பக்கத்தில் இருக்கட்டும்; அவளுடைய பயத்துக்கும் அதுதான் மருந்து. படுக்கும்போது 100க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படுக்க வேண்டும். 70க்குக் கீழே எந்த நேரத்தில் இறங்கினாலும் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறியதும் பிஸ்கட்டோ பழமோ சாப்பிட வேண்டும். இந்த மாத்திரையால் வருகிற தாழ்சர்க்கரை திரும்பவும் வரும். ஒத்திகையிலேயே இப்படி இறங்கினால் மருத்துவரிடம் மறுபடி போகாமல் வண்டி ஏறாதீர்கள். கடலைமிட்டாய் வைத்திருக்கிறேன் என்று பலர் சொல்வார்கள். கோவில்பட்டிக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, அவசரத்துக்கு அது உதவாது. கடலையின் கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதமாக்கும்.

குளுக்கோஸ் பொட்டலம் தலையணைக்கு அடியில் ஒன்று, தியானக் கூடத்துக்குக் கொண்டுபோகும் பையில் ஒன்று. அங்கே போனையும் புத்தகத்தையும் பேனாவையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். சர்க்கரை அளவை எழுதி வைக்க முடியாதே என்று கவலை வேண்டாம், சோதனைக் கருவியே பழைய அளவுகளை நினைவில் வைத்திருக்கும். இரவில் சாப்பிட ஏதாவது தேவைப்படலாம் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். அதில் நோய், மருந்து பற்றிய கேள்விகள் இருக்கும். மறைத்தால் இடம் கிடைக்கும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள்.

ரத்த அழுத்த மாத்திரையைத் தொடருங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், உட்கார்ந்த இடத்திலிருந்து மெதுவாக எழுந்திருங்கள். முழங்கால் வலித்தால் நாற்காலி கேளுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. உங்கள் அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விடுங்கள். அடியில் பொடி எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். அது ஜி, எல், ஐ என்ற மூன்று எழுத்தில் தொடங்கினால் (கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு) மேலே சொன்னது அத்தனையும் உங்களுக்கும் பொருந்தும். அதே மூன்று எழுத்து பெயரின் பின்பாதியில் வந்து ‘கிளிப்டின்’ என்று முடிந்தால் தனியாக அவ்வளவு பயமில்லை. ஆனால் ‘கிளிஃப்ளோசின்’ என்று முடிந்தால் பயம் வேறு வகை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை இந்த வகை. காப்புரிமை முடிந்து விலை இறங்கியதிலிருந்து ஊரெல்லாம் இவைதான். இவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகின்றன. சாப்பாடும் தண்ணீரும் குறைந்த நேரத்தில் உடல் கொழுப்பை எரிக்கப் போய், ரத்தத்தில் அமிலம் சேர்ந்துவிடலாம். கொடுமை என்னவென்றால், அப்போது கருவியில் சர்க்கரை 160, 180 என்று யோக்கியமாகத்தான் காட்டும். குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால், அளவு நன்றாக இருக்கிறதே என்று உட்கார்ந்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இடையில் நிறுத்த வேண்டுமா என்பதைப் போவதற்கு முன்பே மருத்துவர் முடிவு செய்யட்டும். சிலருக்கு இதே மருந்தை இதயத்துக்காகவோ சிறுநீரகத்துக்காகவோ கொடுத்திருப்பார்கள், சர்க்கரையே இல்லாதவர்கள்கூடச் சாப்பிடுகிறார்கள். அதனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உங்களுக்கு இது இல்லை அம்மா, நீங்கள் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

இப்போது அந்த 6,500 ரூபாய். விபாசனாவுக்குக் காந்திகிராமம் பக்கத்தில் ஒரு மையம் இருக்கிறது. இந்தப் பயிற்சியைப் பரப்பிய ஆசிரியர் எஸ்.என்.கோயங்கா வழியில் நடக்கும் மையங்களில் தங்க, சாப்பிட, கற்க எதற்கும் கட்டணம் கிடையாது. நன்கொடைகூட ஒரு பத்து நாள் பயிற்சியை முடித்தவரிடம்தான் வாங்குவார்கள். முதல்முறை போகிற உங்களிடம் வாசலில் யாரும் ஒரு ரூபாய் கேட்கக் கூடாது என்பதே அவர்கள் கொள்கை. விண்ணப்பத்தை இணையத்தில் நீங்களே நிரப்பலாம். மகளுக்குப் பத்து நிமிட வேலை. ஆரப்பாளையத்தில் திண்டுக்கல் பஸ் இருக்கிறது, காந்திகிராமத்தில் நிற்குமா என்று கேட்டு ஏறுங்கள். இதில் தரகருக்கு என்ன வேலை? அவர் உங்களை அழைத்துப்போவது வேறு ஏதோ இடம் என்றால் இன்னும் மோசம். அங்கே என்ன சாப்பாடு, யார் பொறுப்பு என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

‘டாக்டர் சர்டிபிகேட்’ என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறியது. உங்களைப் பார்க்காத ஒருவர், நாடியைத் தொடாத ஒருவர், நீங்கள் ஆரோக்கியமானவர் என்று கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தித் தருவார். வேலைக்குச் சேர, விளையாட்டுக்கு, யாத்திரைக்கு என்று எதற்கெடுத்தாலும் தகுதிச் சான்று கேட்டுக் கேட்டு, அதைத் தெருவில் விற்கிற பொருளாக்கி வைத்திருக்கிறோம். கேட்கும் அலுவலகத்துக்குக் காகிதம் இருந்தால் போதும். நோயாளி இருக்கிறாரா என்ற கவலை இல்லை. அந்தச் சான்றில் கிளிமிபிரைடு என்று ஒரு சொல் இருக்குமா? இருக்காது. எனக்குத் தெரிந்து இருந்ததே இல்லை. அதற்குப் பதிலாக உங்கள் மருத்துவர் மருந்துகளின் பெயரையும், மாற்றிய அளவையும், சர்க்கரை இறங்கினால் செய்ய வேண்டியதையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கட்டும். அதை மையத்தின் பெண் நிர்வாகியிடம் முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.

மாத்திரை தேவைப்படாது என்று அந்தத் தரகர் சொன்னதற்கு நான் பதில் சொல்வதைவிட அந்தப் பரம்பரையே சொன்ன பதிலைக் கேளுங்கள். கோயங்கா பர்மாவில் வணிகராக இருந்தபோது தீராத ஒற்றைத் தலைவலிக்காகத்தான் ஊ பா கின் என்ற ஆசானிடம் போனார். உடல் நோயைத் தீர்த்துக்கொள்ள வந்திருக்கிறாய் என்றால் உனக்கு இங்கே இடமில்லை என்று ஆசான் முதலில் மறுத்துவிட்டார். ஆரம்பித்து வைத்தவர்களே சொல்லாததை வேன் ஏற்பாடு செய்கிறவர் சொல்கிறார். சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. தடை செய்த நோய்களின் பட்டியலில் நீரிழிவின் பெயரே இருக்கிறது. பெரியார் பஸ் நிலையத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து சுவர்களைப் படித்துப் பாருங்கள், அந்தச் சட்டம் எவ்வளவு அழகாக வேலை செய்கிறது என்று தெரியும்.

வரும் நாள், பத்து முழு நாள், திரும்பும் நாள் என்று மொத்தம் பன்னிரண்டு நாள் கணக்கு. மாத்திரையை இரண்டு நாளைக்குக் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள், அட்டையை வெட்டாமல் முழுதாக வாங்குங்கள். திரும்பும் நாள் வீட்டுக்கு வந்ததும் பழைய மாத்திரையைத் தேடாதீர்கள். அன்று இரவு இட்லி தட்டில் விழுந்த பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம். ஒரு வாரம் கழித்துச் சர்க்கரையைப் பார்த்துவிட்டு, கருவியோடு உங்கள் மருத்துவரிடம் போங்கள்.