விமான நிலையத்தில் இறங்கியாயிற்று, கார் எங்கே?

விடுமுறை நெருங்கினால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி, வாடகைக் கார் செயலிகளைப் பற்றியதாகவே இருக்கும். திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

உள்ளூரில் வைத்திருக்கும் செயலியே போகிற நாட்டிலும் போதுமா?

நாட்டைப் பொறுத்தது. ஊபர் தன் தென்கிழக்கு ஆசியத் தொழிலை 2018-இல் கிராப் நிறுவனத்திடம் விற்றுவிட்டு வெளியேறியது. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, வியட்நாம் பக்கம் போகிறவர்கள் கிராப் இல்லாமல் கிளம்ப வேண்டாம். சீனாவில் 2016 முதல் டிடி என்ற உள்நாட்டுச் செயலியின் ராஜ்ஜியம். ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் ஊபரோடு எஸ்டோனியாவில் பிறந்த போல்ட்டும் ஓடுகிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு கட்டணத்தை ஒப்பிடலாம். ஜப்பானில் செயலியில் அழைத்தாலும் பெரும்பாலும் வந்து நிற்பது உரிமம் பெற்ற டாக்சிதான். அதன் பின்கதவை நீங்கள் தொட வேண்டாம். ஓட்டுநரே உள்ளிருந்து திறந்து மூடுவார். நானும் முதல்முறை கைப்பிடியைப் பிடித்து இழுத்து அசடு வழிந்தவன்தான்.

இன்னொன்று: ஒரே செயலி இரண்டு நாட்டிலும் இருந்தால் பழைய கணக்கே செல்லும். அங்கே போய்ப் புதிதாகத் தொடங்காதீர்கள்.

தரையிறங்கிய பிறகு செயலியைப் பதிவிறக்கினேன். ஓடிபி வரவே இல்லை. என்ன தவறு?

தரையிறங்கிய பிறகு பதிவிறக்கியதுதான் தவறு. நான் பார்த்தவரை, செயலியால் வரும் தொல்லைகளில் முக்கால்வாசி வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே தீர்த்திருக்கக் கூடியவை. விமான நிலைய வை-ஃபையில் செயலி இறங்கிவிடும். உங்கள் எண்ணைச் சரிபார்க்கும் குறுஞ்செய்தி உங்கள் பழைய சிம்முக்குத்தான் போகும். அதைக் கழற்றிக் கைப்பையில் போட்டுவிட்டு உள்ளூர் சிம்மைச் செருகியிருப்பீர்கள்.

ஆகவே, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே செயலியை நிறுவி, எண்ணைச் சரிபார்த்து, அட்டையையும் சேர்த்துவிடுங்கள். அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பல வங்கிகளில் மூடியே இருக்கும். அதைத் திறந்து வையுங்கள். வெளிநாட்டில் பணம் செலுத்தும்போதும் வங்கி ஓடிபி அனுப்பக்கூடும் என்பதால், பழைய சிம்மில் ரோமிங் வழியாகக் குறுஞ்செய்தி வந்துசேர ஏற்பாடு இருக்கட்டும். இணையத்துக்கு மட்டும் தனி இ-சிம் போட்டுக்கொள்ளலாம்.

செயலி சில சமயம், உங்கள் நாட்டுப் பணத்தில் செலுத்துகிறீர்களா என்று கனிவாகக் கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தக் கனிவுக்கும் மாற்று விகிதத்தில் ஒரு விலை உண்டு. உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். அட்டை மறுக்கப்படும் நாளுக்காகக் கொஞ்சம் சில்லறை நோட்டுகளும் கையில் இருக்கட்டும். பல நாடுகளில் செயலியிலேயே ரொக்கத்தைத் தேர்ந்தெடுக்க வழி உண்டு.

கார் வந்துவிட்டது என்று செயலி சொல்கிறது. கண்ணில் படவில்லை. என்ன செய்வது?

இந்த அவஸ்தையை நானே பட்டிருக்கிறேன். ஒரு பெரிய விமான நிலையத்தில், பெட்டி வருவதற்கு முன்பே அவசரப்பட்டுக் காரை அழைத்துவிட்டேன். பெட்டிகள் சுற்றும் பட்டையருகே நான். இரண்டு தளங்களுக்குக் கீழே ஓட்டுநர். "ஆறாம் எண் தூணருகே நிற்கிறேன்" என்று அவர் எழுத, நானும் ஓடிப்போய் ஆறாம் தூணருகே நின்றேன். அது வேறொரு தளத்தின் ஆறாம் தூண். காத்திருப்பு நேரம் தீர்ந்தது, அவர் போய்விட்டார், எனக்கு அபராதம் விழுந்தது. தப்பு முழுக்க என்னுடையது.

பெட்டி கைக்கு வந்து, சுங்கத்தைக் கடந்து, ஏறும் இடத்தில் நின்ற பிறகே பொத்தானை அழுத்துங்கள். அந்த இடம் வாசலிலேயே இருக்கும் என்று எண்ண வேண்டாம். லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் 2019 முதல் இதற்கென்று தனி வளாகமே இருக்கிறது; பெரும்பாலான முனையங்களிலிருந்து இணைப்புப் பேருந்தில் போய்த்தான் கார் ஏற வேண்டும். தேடிப் போகும்போது உள்ளூர் மொழி தெரியாவிட்டால் கவலையில்லை. கதவு எண், தூண் எண் தெரியும்படி ஒரு படம் எடுத்துச் செயலியின் அரட்டையில் அனுப்பிவிடுங்கள். எண்களுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

"பயணத்தை ரத்து செய்யுங்கள், நேரில் பணம் கொடுத்தால் குறைத்துக்கொள்கிறேன்" என்றார் ஓட்டுநர். சம்மதிக்கலாமா?

கூடாது. ரத்து செய்த நொடியில் வழித்தடப் பதிவு, காப்பீடு, புகார் சொல்லும் வழி எல்லாம் போய்விடும். முன்பின் தெரியாத ஊரில் முன்பின் தெரியாதவரின் காரில் நீங்கள் வெறும் ஆள். அவர் பிடிவாதம் பிடித்தால் காரணத்தைக் குறிப்பிட்டு ரத்து செய்துவிட்டு வேறு காரை அழையுங்கள்.

ஏறுவதற்கு முன் வண்டி எண்ணைச் சரிபாருங்கள். நிறத்தை நம்பாதீர்கள், எல்லா ஊரிலும் பாதிக் கார்கள் வெள்ளைதான். பெயரை நீங்களாகச் சொல்லாமல், "யாருக்காக வந்தீர்கள்?" என்று கேளுங்கள். ஊபரில் நான்கு இலக்க ரகசிய எண் வசதி உண்டு. அதை ஓட்டுநருக்குச் சொன்னால்தான் பயணம் தொடங்கும். இரவில் பயணம் என்றால் அதை இயக்கி வைக்கலாம்.

கட்டணம் திடீரென இரட்டிப்பாகிவிடுகிறதே?

மழை, அலுவலகம் விடும் நேரம், நிகழ்ச்சி முடிந்து கூட்டம் கலையும் நேரம்: மூன்றிலும் அப்படித்தான். அரங்க வாசலிலிருந்து பத்து நிமிடம் நடந்துவிட்டு மறுபடி பாருங்கள், அல்லது ஒரு காபி குடியுங்கள். விமான நிலையத்திலிருந்து நேரடி ரயில் இருந்து, தனியாளாகவும் போகிறீர்கள் என்றால் செயலியைத் திறக்கவே வேண்டாம். நான்கு பேர், நான்கு பெட்டி என்றால் கணக்கு மாறும். சுங்கச் சாவடிக் கட்டணம் சில நாடுகளில் தனியாகச் சேரும். மலேசியாவில் அப்படித்தான்.

குழந்தையோடு போகிறோம்.

இருக்கை விதியை முதலில் பாருங்கள். சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைக்குத் தகுந்த பாதுகாப்பு இருக்கை கட்டாயம். டாக்சிகளுக்கு விலக்கு உண்டு, செயலியில் வரும் தனியார் வாடகைக் கார்களுக்கு இல்லை. குழந்தை இருக்கையுள்ள வண்டியைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்; அது வர நேரமாகும்.

பைக் டாக்சியில் ஏறலாமா?

நெரிசலில் அதைவிட வேகமானது இல்லை. தலைக்கவசம் சரியாகப் பொருந்தாவிட்டால் ஏறாதீர்கள். உங்கள் பயணக் காப்பீடு இருசக்கர வாகனத்தை ஏற்கிறதா என்று முன்னதாகவே படித்துவிடுங்கள்.

அதிகாலை விமானத்துக்கு முதல் நாள் இரவே பதிவு செய்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாமா?

முழு நிம்மதி வேண்டாம். பல செயலிகளில் முன்பதிவு என்பது, குறித்த நேரம் நெருங்கும்போது உங்களுக்காக ஓட்டுநரைத் தேடத் தொடங்கும் ஏற்பாடு மட்டுமே. நகரத்து நடுவில் ஆள் கிடைத்துவிடும். கடற்கரை விடுதியில், விடியற்காலை மூன்றரை மணிக்கு, திரையில் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த ஒரு பயணத்துக்கு விடுதி வரவேற்பாளரிடம் சொல்லி வண்டி வையுங்கள். பணம் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆகும்.