நான் தேர்ந்தெடுத்த முடிவு அதிகாரபூர்வக் கதையில் இல்லையென்றால் அது பொய்யா?

‘நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்’ (2003) என்ற ‘ஸ்டார் வார்ஸ்’ கணினி விளையாட்டை இருள் பக்கம் போய் முடித்தேன், அதிகாரபூர்வக் கதையிலோ நாம் ஆடும் பாத்திரமான ரெவன் ஒளிப் பக்கம் திரும்பிய ஆண், என் ஆட்டம் வீணா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வீண் இல்லை. அடுத்த கதையை எழுதுகிறவருக்குக் காலூன்ற ஓர் இடம் வேண்டும். அதற்காக ஒரு முடிவை எடுத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

வேறு வழிகளும் உண்டு. ‘மாஸ் எஃபெக்ட்’ விளையாட்டுத் தொடர், நம் தேர்வுகள் பதிவாகியிருக்கும் சேவ் ஃபைலையே அடுத்த பாகத்துக்குக் கொண்டுபோனது. எனக்கு மிகவும் பிடித்தது ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ தொடர் செய்தது. அதில் 1996இல் வந்த ‘டாகர்ஃபால்’ விளையாட்டுக்குப் பல முடிவுகள். அடுத்த பாகமான ‘மாரோவிண்ட்’ (2002) வந்தபோது, காலமே உடைந்து அத்தனையும் ஒன்றாக நடந்தன என்றார்கள். யாருடைய ஆட்டமும் தள்ளப்படவில்லை. ஆனால் எந்த முடிவும் முழுசாக மிஞ்சவில்லை, அது கொஞ்சம் வருத்தம்தான்.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். எங்கள் பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோவில்களில் தோல்பாவைக்கூத்து நடக்கும். செய்யுள் கம்பராமாயணம், இடையில் சொல்லும் விளக்கம், பாவையை ஆட்டும் புலவருக்குப் புலவர் மாறும். இராவணன் எப்படியும் சாவான். ஆனால் அவன் பக்கத்து நியாயத்தை எவ்வளவு நேரம் பேசுவது என்பது திரைக்குப் பின்னால் இருப்பவர் கையில். உங்கள் ரெவனையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

அப்புறம், நீங்கள் ஆடிய விளையாட்டின் இரண்டாம் பாகத்தை (2004) விளையாடிப் பாருங்கள். தொடக்கத்திலேயே ஆட்டன் என்ற பாத்திரத்திடம் பேசும்போது, ரெவன் ஆணா பெண்ணா, எந்தப் பக்கம் போனார் என்று நீங்களே சொல்லலாம்.